பேண்ட்கேப்புக்குள் ஓர் ஆப்-ஆம்ப்

வெப்பநிலை மாறினாலும் மாறாத மின்னழுத்தம் தரும் பேண்ட்கேப் சுற்றுக்கு ஆப்-ஆம்ப் (இரு உள்ளீடுகளின் வேறுபாட்டைப் பெருக்கும் பெருக்கி) வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தபோது தேவைப் பட்டியல் மிகச் சிறியதாக இருந்தது. வழங்கல் 1.8 வோல்ட், அது 1.62 வரை சரியலாம். வெப்பநிலை மைனஸ் 40 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை. வெளியீடு சுமார் 1.23 வோல்ட். ஆப்-ஆம்ப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன் பெருக்கமும் வேகமும் எவ்வளவு என்பதைச் சுற்றின் மையப் பகுதிதான் சொல்ல வேண்டும். ஆகவே ஆப்-ஆம்ப்பை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மையத்தை வரைந்தேன்.

மையம் எளியது, பொறியாளர் பாப் விட்லர் 1971இல் வெளியிட்ட யோசனையின் வழிவந்தது. மேலே மூன்று பிமாஸ் (கேட் மின்னழுத்தம் இறங்கினால் அதிகம் கடத்தும் டிரான்சிஸ்டர்) மின்னோட்ட மூலங்கள். முதல் கிளையில் ஒரு பைபோலார் டிரான்சிஸ்டர். இரண்டாவதில் ஒரு மின்தடை, அதன்கீழ் பக்க இணைப்பில் எட்டு டிரான்சிஸ்டர்கள். மூன்றாவதில் பெரிய மின்தடையும் இன்னொரு டிரான்சிஸ்டரும், வெளியீடு அங்கிருந்து. பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். ஒற்றை டிரான்சிஸ்டருக்கும் எட்டுக்கும் இடையே அந்த மின்னழுத்தத்தில் உள்ள வேறுபாடு வெப்பநிலையோடு ஏறும். 300 கெல்வினில் அது கிட்டத்தட்ட 54 மில்லிவோல்ட். ஏறுவதைச் சுமார் 11 மடங்காக்கி இறங்குவதோடு கூட்டினால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். முதல் இரண்டு கிளைகளின் மேல்முனைகளையும் ஒரே மின்னழுத்தத்தில் பிடித்துவைப்பதுதான் ஆப்-ஆம்ப்பின் வேலை; அதன் வெளியீடு பிமாஸ்களின் கேட்டை ஓட்டுகிறது.

அந்த முனைகள் எங்கே நிற்கின்றன என்பதுதான் முதல் கேள்வி. அறை வெப்பநிலையில் 0.65 வோல்ட், கடுங்குளிரில் 0.78, 125 டிகிரியில் 0.45 அளவுக்கு இறங்கிவிடுகிறது. என்மாஸ் (பிமாஸின் எதிர்வகை) உள்ளீட்டு ஜோடி போட்டால் சூட்டில் அதற்கு மூச்சு முட்டும். பிமாஸ் ஜோடிக்குத் தலைவலி எதிர்முனையில், குளிரில்: உள்ளீட்டின் 0.78, கேட்-சோர்ஸ் மின்னழுத்தம் 0.6, மேலே இருக்கும் மின்னோட்ட மூலத்துக்கு 0.15. கூட்டினால் 1.53. வழங்கல் 1.62 ஆகச் சரிந்தாலும் 90 மில்லிவோல்ட் மிச்சம். போதும். பிமாஸ் உள்ளீட்டோடு மடித்த கேஸ்கோட் அமைப்பை (உள்ளீட்டின் மின்னோட்டத்தைக் கீழே மடக்கித் திருப்பிப் பெருக்கம் பெறும் அமைப்பு) தேர்ந்தெடுத்தேன்.

இந்த வேலையில் என் நேரத்தை அதிகம் தின்றது ஆஃப்செட், அதாவது டிரான்சிஸ்டர்கள் அச்சாகப் பொருந்தாததால் ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டில் தோன்றும் மின்னழுத்தப் பிழை. 54 மில்லிவோல்ட் வேறுபாட்டை 11 மடங்காக்கும் அதே மின்தடை விகிதம் ஆப்-ஆம்ப்பின் ஆஃப்செட்டையும் 11 மடங்காக்கும். உள்ளே 1 மில்லிவோல்ட் பிழை, வெளியே 11. கிட்டத்தட்ட ஒரு சதவீதம். 80 டெசிபல் (பத்தாயிரம் மடங்கு) பெருக்கம் இருக்கிறதே என்று மார்தட்டிக்கொண்டாலும் ஆஃப்செட் அதற்கு அசைந்துகொடுக்காது. ஆய்வாளர் பெல்கிராமும் உடனிருந்தவர்களும் 1989இல் தந்த விதிப்படி, ஜோடிப் பொருத்தத்தின் சிதறல் பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். நான் பயன்படுத்திய 180 நானோமீட்டர் நுட்பத்தில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டேன். 100 சதுர மைக்ரோமீட்டர் கொடுத்தால் அரை மில்லிவோல்ட். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு பரப்பு வேண்டும். கஞ்சத்தனம் இங்கே உதவாது என்று 400 கொடுத்தேன். தாழ்ந்த அதிர்வெண்களில் மிகும் ஃபிளிக்கர் இரைச்சலும் அதோடு குறைந்தது.

உள்ளீட்டு ஜோடி மட்டுமே ஆஃப்செட்டுக்குக் காரணம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மடித்த கேஸ்கோட்டில் அடியில் இருக்கும் என்மாஸ் மின்னோட்ட மூலங்கள் உள்ளீட்டின் மின்னோட்டத்தையும் சுமை மின்னோட்டத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன. பொருத்தச் சிதறலைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை ஓட்டும் மான்டி கார்லோ சிமுலேஷனில் அவற்றின் பங்கு உள்ளீட்டு ஜோடியின் பங்கோடு போட்டிபோட்டது. இங்கே வேண்டியது டிரான்ஸ்கண்டக்டன்ஸ் (கேட் மின்னழுத்த மாற்றத்துக்கு மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்பது) விகிதம்: உள்ளீட்டு ஜோடியை அகலமாக்கி வலுவிலாத் தலைகீழாக்க நிலையில் (கடத்தத் தொடங்கும் த்ரெஷோல்டை ஒட்டியே) ஓட்டினேன், என்மாஸ் மூலங்களையும் மேலுள்ள பிமாஸ் சுமையையும் நீளமாக்கி, த்ரெஷோல்டுக்கு மேல் கால் வோல்ட் வரை தள்ளினேன். 54 மில்லிவோல்ட் வேறுபாட்டை இரட்டிப்பாக்கி ஆஃப்செட்டின் பங்கைக் குறைக்க இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. குளிரில் அது மட்டுமே 1.56 வோல்ட் கேட்கும். 1.62இல் எங்கே போவது?

பெருக்கத்துக்கான கணக்கு சுருக்கமானது. கார்னர்களுக்கும் (உற்பத்தியில் டிரான்சிஸ்டர்கள் வேகமாகவோ மெதுவாகவோ அமையும் எல்லை நிலைகள்) வெப்பநிலைகளுக்கும் இடையே பிமாஸ்களின் கேட் 300 மில்லிவோல்ட் வரை நகர்கிறது. பெருக்கம் ஆயிரமே என்றால் உள்ளீட்டில் 0.3 மில்லிவோல்ட், வெளியே 3 மில்லிவோல்ட்டுக்கு மேல். அதனால் 75 டெசிபலை (சுமார் 5,600 மடங்கு) குறியாக வைத்தேன். அதற்கு மேல் துரத்துவதில் பயனில்லை.

வரைபடத்தைப் பார்த்த சக பொறியாளர் ஒருவர், "உள்ளீடுகளைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களே?" என்றார். தலைகீழ் இல்லை. பிமாஸ் ஒருமுறை குறியைத் திருப்புவதால் மின்தடை உள்ள கிளைதான் நேர்க்குறி உள்ளீட்டுக்குப் போக வேண்டும். இந்தச் சுற்றில் எதிர்ப் பின்னூட்டமும் நேர்ப் பின்னூட்டமும் சேர்ந்தே இருக்கின்றன. கிளைக்கு 5 மைக்ரோஆம்பியர் ஓடும்போது டிரான்சிஸ்டர் மட்டும் உள்ள பக்கம் 5.2 கிலோஓம், மின்தடை உள்ள மறுபக்கம் 16. மூன்று மடங்கு வலுவான பக்கம் எதிர்ப் பின்னூட்டத்தில் இருந்தால்தான் சுற்று நிற்கும். லூப் நிலைப்பை அளக்கும் ஆய்வு முனையையும் இரண்டு பாதைகளும் சேரும் இடமான ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டில்தான் வைக்க வேண்டும்.

அதே வெளியீட்டில் நிலைப்புக்கான மின்தேக்கியும் தேவை. அதைத் தரையோடு இணைப்பது பழக்கம். இங்கே வழங்கலோடு இணைத்தேன். வழங்கல் அதிரும்போது கேட்டும் கூடவே அதிர்ந்தால் பிமாஸின் கேட்-சோர்ஸ் மின்னழுத்தம் மாறாது, மின்னோட்டமும் மாறாது. தரையோடு கட்டிப்போட்டால் ஒவ்வோர் அதிர்வும் வெளியீட்டில் தெரியும்.

கடைசியாக, வழங்கல் வந்ததும் மையத்தை எழுப்பும் தொடக்கச் சுற்று. ஆப்-ஆம்ப்புக்கான மின்னோட்டத்தையும் மையத்திலிருந்தே எடுத்திருந்தேன். மையம் மின்னோட்டமே இல்லாமல் தூங்கினால் ஆப்-ஆம்ப்பும் தூங்கும், அதை எழுப்ப யாரும் இல்லை. நேர்மின்னோட்டச் சிமுலேஷன் பெரும்பாலும் உயிருள்ள நிலையையே கண்டுபிடித்துக் காட்டுவதால் அதை நான் நம்பவில்லை. எல்லா முனைகளையும் பூச்சியத்தில் வைத்து, வழங்கலைச் சில மைக்ரோவினாடிகளில் ஒருமுறை, பத்துப் பதினைந்து மில்லிவினாடிகளில் மெதுவாக ஒருமுறை ஏற்றிப் பார்த்தேன். உள்ளீட்டில் 5 மில்லிவோல்ட் ஆஃப்செட்டை இரு குறிகளிலும் வேண்டுமென்றே செருகியும் பார்த்தேன். இரு உள்ளீடுகளும் பூச்சியத்தில் இருக்கும் கணத்தில் ஆப்-ஆம்ப் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அந்தக் குறிதான் தீர்மானிக்கிறது. வெளியீடு தாழ்ந்திருக்கும்போது பிமாஸ் கேட்டைக் கீழே இழுத்து, எழுந்தபின் அணைந்துவிடும் ஓர் என்மாஸ் எல்லாவற்றிலும் வேலை செய்தது.

ஆனால் 125 டிகிரியில், வேகமான கார்னரில் மட்டும் வெளியீடு 2 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக விலகியது. அணைந்துவிட்ட அந்த என்மாஸ்தான் 10 நானோஆம்பியர் அளவுக்குக் கசிந்துகொண்டிருந்தது. ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டிலிருந்து உருவப்படும் அந்த மின்னோட்டத்தை உள்ளீட்டு டிரான்ஸ்கண்டக்டன்ஸால் வகுத்தால் 0.17 மில்லிவோல்ட், 11 மடங்கானால் அதே விலகல். அந்த டிரான்சிஸ்டரின் நீளத்தைக் கூட்டி, ஒன்றுக்குப் பதிலாக இரண்டைத் தொடராகப் போட்டதும் வளைவு மற்ற கார்னர்களோடு சேர்ந்துகொண்டது. தொடக்கம் சற்று மெதுவானது, ஏற்றுக்கொண்டேன்.