மேட்லண்டின் பெரிய கப்பல்

செப்டம்பர் 14, 2024

வருகிற அக்டோபரோடு 'டபிள்யூ. டி. லாரன்ஸ்' என்ற மரக்கப்பல் தண்ணீரில் இறங்கி 150 வருடம் ஆகிறது. அதற்குள் அதைக் கட்டிய வில்லியம் டாசன் லாரன்ஸைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணமான இந்த நோவா ஸ்கோஷியாவைத் தாண்டினால் இந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இங்கேயே பலருக்குக் கப்பலைத் தெரியும், ஆளைத் தெரியாது. கப்பலுக்குத் தன் பெயரையே வைத்தால் இதுதான் நடக்கும்.

1817இல் அயர்லாந்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கே வந்துவிட்டது. டார்ட்மவுத்தில் ஒரு கப்பல் பட்டறையில் தொழில் பழகி, பிறகு பாஸ்டனில் டொனால்ட் மெக்கேயிடம் வடிவமைப்பு கற்றார் என்கிறார்கள். வேகக் கப்பல்களுக்குப் பேர்போன அந்த மெக்கேயும் நோவா ஸ்கோஷியாக்காரர்தான். பிழைப்புக்கு அமெரிக்கா போனவர். லாரன்ஸ் திரும்பி வந்தார். ஷூபனகாடி ஆறு கடலைத் தொடும் மேட்லண்டில் தன் பட்டறையை வைத்துக்கொண்டார். 1863இல் மேட்லண்ட் இருக்கும் ஹாண்ட்ஸ் கவுண்டியிலிருந்து (மாவட்டம் மாதிரி) நோவா ஸ்கோஷியா சட்டமன்றத்துக்குப் போனார்.

மரம் அறுக்கிறவருக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை? அதைத்தான் தேடுகிறேன்.

செப்டம்பர் 21

மேட்லண்ட் போய் வந்தேன். ஹாலிஃபாக்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

காலையில் போனபோது ஆறு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. செம்மண் சேறு, நடுவில் ஒரு ஓடை. மதியத்துக்கு மேல் அதே இடத்தில் கரையை முட்டிக்கொண்டு பழுப்புத் தண்ணீர். ஃபண்டி விரிகுடாவின் கோடி இது. பக்கத்திலுள்ள பர்ன்கோட் முனையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும், அதாவது ஐந்து மாடி உயரம். இப்படியொரு இடத்தில் போய்க் கப்பல் கட்டுவானேன் என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்தால், இது வசதி. கரையில் காய்ந்த தரையில் நின்று நிதானமாகக் கட்டலாம். கட்டி முடித்ததும் கடலே வாசல் வரை வந்து தூக்கிக்கொண்டு போகும்.

லாரன்ஸின் வீடு இப்போது அருங்காட்சியகம். முன்வாசலில் இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் படிகள், நடுவில் கப்பல் மேல்தளத்தில் நிற்பது போல ஒரு முகப்பு. அங்கே நின்றால் நேரே பட்டறை இருந்த இடம். முதலாளி வீட்டை எங்கே கட்ட வேண்டும் என்று தெரிந்தவர்.

உள்ளே நான் வெகுநேரம் நின்றது அரை மாதிரியின் முன்னால். ஏழடி நீளம், மரத்தில் செதுக்கியது, கப்பலின் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் ஒன்றேதான் என்பதால் பாதி போதும். அந்தக் காலத்து நோவா ஸ்கோஷியா மேஸ்திரிகள் பலர் தாளில் வரைந்து தொடங்கவில்லை. கையில் உளியோடு தொடங்கினார்கள். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிணைத்து, கண்ணுக்கும் கைக்கும் திருப்தியாகும்வரை செதுக்குவார்கள். அப்புறம் பலகைகளைத் தனித்தனியே கழற்றி, ஒவ்வொன்றின் விளிம்பையும் அளந்து, பட்டறைத் தரையில் முழு அளவுக்குப் பெருக்கி வரைவார்கள். அந்தக் கோட்டுக்கு ஏற்பத்தான் விலா மரங்களை வெட்டுவது. மாதிரியில் கால் அங்குலம் பிசகினால் கப்பலில் அது பத்து அங்குலத்தில் வந்து நிற்கும்.

செப்டம்பர் 22

ஒரு சின்னக் கணக்கு. கப்பல் இறங்கியது 1874 அக்டோபர் 27. அந்த மாதம் பௌர்ணமி 25ஆம் தேதி. பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் ஏற்றம் உச்சத்துக்கு வரும். நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள், பஞ்சாங்கம் இல்லாமலே.

செப்டம்பர் 29

இன்று அரசியல்.

நோவா ஸ்கோஷியா அப்போது தனி பிரிட்டிஷ் காலனி. 1866 ஏப்ரலில் அதன் சட்டமன்றம் கனடாவோடு சேரும் தீர்மானத்தை 31க்கு 19 என்று நிறைவேற்றியது. முன்னின்று நடத்தியவர் காலனியின் பிரதமர் சார்லஸ் டப்பர். தேர்தல் வைத்து மக்களைக் கேட்கவில்லை. இதுதான் எதிர்த்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. லாரன்ஸ் அந்தப் பக்கம். 1867 ஜூலை 1இல் இணைந்த புதிய கனடா பிறந்தது. செப்டம்பரில் தேர்தல் வந்ததும் ஜனங்கள் போட்டுத் தாக்கிவிட்டார்கள்: மாகாணச் சட்டமன்றத்தில் 38க்கு 36, தலைநகர் ஒட்டாவாவின் நாடாளுமன்றத்துக்கான 19 இடங்களில் 18 எதிர்ப்பாளர்களுக்கு. இணைப்புக்காரர்களில் டப்பர் ஒருவர்தான் தப்பி ஒட்டாவாவுக்குப் போனார். லாரன்ஸ் மறுபடி ஜெயித்தார்.

இதை 'பழமைவாதிகளின் புலம்பல்' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பட்டறைக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் புரியும். மரம் உள்ளூரில் கிடைக்கும். இரும்பும் சங்கிலியும் பாய்த்துணியும் கயிறும் கடல் தாண்டி வர வேண்டும். நோவா ஸ்கோஷியாவின் பொது இறக்குமதி வரி 10 சதவீதம், கனடாவில் 15. ஒட்டாவாவோடு சேர்வது என்றால் ஒவ்வொரு ஆணியும் விலை ஏறுவது என்று அர்த்தம். அதோடு இவர்களுடைய சந்தை லிவர்பூல், பாஸ்டன், மேற்கிந்தியத் தீவுகள். நிலம் வழியாகப் பார்க்கிறவர்களோடு கடல் வழியாகப் பார்க்கிறவர்களைக் கட்டிப்போட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்?

ஈடாக ஒட்டாவா தருவதாகச் சொன்ன மானியம் தலைக்கு 80 சென்ட். ஓர் ஆட்டுத்தோல் விலைக்கு நம்மை விற்றுவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

1868இல் எதிர்ப்பாளர்களின் தலைவர் ஜோசப் ஹோவ் லண்டனுக்கே போய் இணைப்பை ரத்து செய்யக் கேட்டார். லண்டன் அசையவில்லை. 1869 ஜனவரியில் ஹோவ், மானியத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டு, ஒட்டாவா அமைச்சரவையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தொகுதியும் ஹாண்ட்ஸ்தான். இடைத்தேர்தலில் அங்கேயே நின்று ஜெயித்தும் காட்டினார். லாரன்ஸ் 1871 வரை சட்டமன்றத்தில் இருந்தார், பிறகு பட்டறைக்குத் திரும்பினார். ஹோவைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லண்டன் கதவைச் சாத்திய பிறகு வேறு எந்தக் கதவு இருந்தது? ஆனால் ஹாண்ட்ஸில் வாக்களித்தவன் இடத்தில் இருந்து பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

அக்டோபர் 6

கப்பலின் கணக்கு. இரண்டு மடங்கு பெரிய கப்பலை ஓட்ட இரண்டு மடங்கு ஆள் தேவையில்லை, ஆனால் சரக்கு இரண்டு மடங்கு ஏறும். லாரன்ஸின் யோசனை மொத்தமும் இதுதான். இன்றைய கன்டெய்னர் கப்பல் கம்பெனிகள் செய்வதும் இதுவே.

2,459 டன், 262 அடி. கனடாவில் கட்டிய முழுப்பாய் (எல்லாப் பாய்மரங்களிலும் குறுக்குப் பாய் கட்டிய) மரக்கப்பல்களில் இதுவே மிகப் பெரியது. செலவு 1,07,000 டாலருக்கு மேல். இறக்கும் நாளில் 27,000 டாலர் கடன் பாக்கி. வேடிக்கை பார்க்க நாலாயிரம் பேர் வந்தார்கள் என்கிறார்கள்.

கேப்டன், மருமகன் ஜேம்ஸ் எல்லிஸ். மாமனாரும் கூடவே ஏறிக்கொண்டார். (கேப்டனின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன்.) மரம் ஏற்றிக்கொண்டு லிவர்பூல், அங்கிருந்து நிலக்கரியோடு ஏடன், பிறகு பெருவில் கடற்பறவை எச்சம் ஏற்றி ஐரோப்பா. ஏடனில் அந்த நிலக்கரி யாருக்கு? 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு அந்த வழியாகப் போகும் நீராவிக் கப்பல்களுக்கு. தன்னைக் கடலைவிட்டு விரட்டப்போகிறவனுக்கே தீனி சுமந்து கூலி வாங்கியிருக்கிறது இந்தக் கப்பல். கூலி நன்றாகவே கிடைத்தது. கடன் அடைந்து லாபமும் வந்தது.

அக்டோபர் 27

இன்றோடு 150. பாய்மர யுகத்தின் கடைசி மூச்சு என்று இந்தக் கப்பலைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். லாரன்ஸுக்கு அந்த உருக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. 1883இல் நல்ல விலை வந்ததும் நார்வேக்காரர்களுக்கு விற்றுவிட்டார். அவர்கள் முதல் வேலையாகப் பெயரை மாற்றினார்கள். 1891இல் ஆங்கிலக் கால்வாயில் தரைதட்டியது. கடைசியில் செனகலின் டக்கார் துறைமுகத்தில் சரக்குத் தோணியாகக் கிடந்தது. லாரன்ஸ் 1886இலேயே இறந்துவிட்டார்.

அடுத்து 1868 சட்டமன்ற விவாதங்களை வாசிக்க வேண்டும். நூலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.