ஷீட்டை மெஷினில் வைத்தால் கிரேடு தெரியுமா?

குலசேகரத்தில் ரப்பர் போட்டிருக்கும் மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது இதுதான்: "மக்கா, நம்ம ஷீட்ட ஒங்க மெஷின்ல வச்சா கிரேடு தெரியுமா?"

தெரியாது மாமா. புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டின் தரம் ஆர்.எஸ்.எஸ். (ரிப்டு ஸ்மோக்டு ஷீட்) 4-ஆ, 5-ஆ என்பதை வெளிச்சத்தில் பிடித்து, குமிழ், பூஞ்சணம், நிறம் பார்த்துக் கண்ணால்தான் பிரிக்கிறார்கள். அதற்குப் போய் எக்ஸ்ரே எதற்கு?

எங்கள் ஆய்வகத்தில் இருப்பது சிறுகோண எக்ஸ்ரே சிதறல் கருவி, சுருக்கமாக சாக்ஸ் (SAXS). செம்பிலிருந்து வரும் 0.154 நானோமீட்டர் அலைநீள எக்ஸ்ரேயை மெல்லிய கற்றையாக்கி மாதிரியின் வழியே விடுகிறோம், அதில் கொஞ்சம் ஒரு டிகிரிக்கும் குறைவாக விலகிச் சிதறும், அந்த விலகலைத்தான் தள்ளி நிற்கும் டிடெக்டர் எண்ணுகிறது. காற்றும் சிதறடிக்கும் என்பதால் நடுவில் வெற்றிடம். நேராக வரும் கற்றை, சிதறலை மூழ்கடித்துவிடும் அளவுக்கு வலுவானது, அதை மறைக்க நடுவில் சின்னதாக ஒரு உலோகத் துண்டு. கோணம் சிறிதாகச் சிறிதாக நாம் பார்க்கும் அமைப்பு பெரிது.

கிடைப்பது போட்டோ இல்லை, எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறியது என்று காட்டும் ஒரு வளைகோடு. இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் காட்டுவது அழகான நாலு துகளை. இந்த வளைகோடோ கற்றை படும் இடத்தில் உள்ள கோடிக்கணக்கான துகள்களின் சராசரி. சராசரி அளவு வேண்டுமென்றால் நான் இதைத்தான் நம்புவேன். வடிவம் வேண்டுமென்றால் மைக்ராஸ்கோப்பும் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் ஒரே வளைகோட்டுக்கு ரெண்டு மூணு வடிவம் பொருந்தித் தொலைக்கும்.

சிரட்டையில் வடியும் பாலைக் கொண்டுவந்தாலும் பெரிதாக லாபமில்லை. அதிலுள்ள பெரிய ரப்பர் துகள்கள் மைக்ரான், அதாவது ஆயிரம் நானோமீட்டர், அளவுக்கு வரும். எங்கள் கருவியின் எல்லை சுமார் 100 நானோமீட்டர். டயரில் கலக்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் என்றால் சரி, அந்தத் துகள்கள் சில பத்து நானோமீட்டர்தான்.

எனக்குப் பிடித்தது சாதாரண ரப்பர் பேண்ட். டிடெக்டரைக் கிட்டே கொண்டுவந்து பெரிய கோணங்களைப் பார்த்தால், தளர்வாக இருக்கும்போது மங்கலாக ஒரு வளையம், அவ்வளவுதான். நாலைந்து மடங்கு இழுத்துக் கட்டினால் அந்த வளையத்தின் மேல் பளிச்சென்று புள்ளிகள் முளைக்கும்: தாறுமாறாகக் கிடந்த ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசையில் நின்று படிகமாகிவிட்டன. விட்டால் புள்ளிகள் காணாமல் போகும். 1925-லேயே காட்ஸ் என்பவர் இதைப் பார்த்துவிட்டார். இயற்கை ரப்பர் லேசில் கிழியாததற்கு இது முக்கியக் காரணம். கிழியப் போகும் முனையில்தான் இழுவிசை அதிகம், அங்கேதான் படிகமும் உருவாகி வழியை மறிக்கிறது. விமான டயர்களுக்கு இன்னும் நம்மூர் மரத்து ரப்பரைத் தேடுவது சும்மா இல்லை.

இழுக்க இழுக்க அந்தப் புள்ளிகள் முளைப்பதை அந்தந்த நொடியிலேயே பார்க்க எங்கள் கருவியின் வெளிச்சம் போதாது. அதற்கு இந்தூர் இண்டஸ்-2 மாதிரி, மிக வலுவான எக்ஸ்ரே தரும் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய எந்திரம் வேண்டும். இங்கே இழுத்துக் கட்டிவிட்டு, டிடெக்டரில் போதுமான எண்ணிக்கை சேரும்வரை டீ குடிக்கப் போக வேண்டியதுதான்.