கனடிய இதழ்களில் பயணக் கட்டுரைக்கு இடம் தேடுதல்

கனடிய இதழ்களுக்குப் பயணக் கட்டுரை எழுதத் தொடங்கிய காலத்தில், முழுக் கட்டுரையையும் எழுதி முடித்த பிறகே அதற்கேற்ற இதழைத் தேடுவேன். அது தலைகீழான வேலை என்பது தாமதமாகத்தான் புரிந்தது. இப்போது பொது நூலகத்தில் ஓர் இதழின் பழைய பிரதிகளை விரித்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் குழுவின் பெயர்களைக் கட்டுரையாளர்களின் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், வெளியாருக்கு அங்கே இடம் குறைவு என்றே கொள்கிறேன்.

1930இல் தொடங்கிய கனடியன் ஜியாகிரபிக் நாடு முழுவதையும் தன் களமாகக் கொண்டது. வடக்கிலுள்ள யெல்லோநைஃப் நகரிலிருந்து வெளிவரும் அப் ஹியர் இதழ் கனடாவின் வடபகுதிக்கு உரியது. சால்ட்ஸ்கேப்ஸ் கிழக்குக் கரையிலுள்ள அட்லாண்டிக் மாகாணங்களுக்கு உரியது. வடமேற்கிலுள்ள யூகான் ஆற்றில் படகோட்டிய கதையை இந்த மூன்றாவது இதழுக்கு அனுப்புவது வீண் முயற்சி.

பருவமும் முக்கியம். பனிச்சறுக்குப் பயணம் பற்றிய யோசனையை ஒருமுறை நவம்பரில் அனுப்பினேன். குளிர்கால இதழ் அச்சுக்குப் போய்விட்டதென ஒரே வரியில் பதில் வந்தது. அதன்பின் பனிக்கான யோசனைகளைக் கோடையிலேயே அனுப்பிவிடுகிறேன். ஒப்பந்தம் வந்தால், இதழ் கேட்பது வட அமெரிக்க முதல் வெளியீட்டு உரிமையா (அங்கே முதன்முறை வெளியிடும் உரிமை மட்டும்), அனைத்து உரிமைகளுமா என்பதை, சொல்லுக்கு எத்தனை டாலர் என்பதற்கும் முன்னதாகப் பார்க்கிறேன். அனைத்தையும் எழுதிக்கொடுத்துவிட்டால் அதே கட்டுரையை வேறெங்கும் விற்க இயலாது.