மூட்டையை லாரி சுமக்கும்

பனியில் நனைந்த கூடாரத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்து லாரியில் நின்றவரிடம் இன்று காலை தூக்கிக் கொடுத்தபோது, "உள்ளே கல்லா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். ஈரக் கூடாரத்தின் கனம் அப்படி.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் ராக்பிரை, 1973-இல் இரண்டு பத்திரிகையாளர்கள் விளையாட்டாகத் தொடங்கிய சைக்கிள் பயணம். மிசௌரி ஆற்றில் பின்சக்கரத்தை நனைத்துப் புறப்படுபவர்கள், ஒரு வாரத்தில் மிசிசிப்பியில் முன்சக்கரத்தை நனைத்து முடிப்பது வழக்கம். மூட்டைகள் லாரியில் முன்னே போய்விடும். இரவில் வழியில் உள்ள ஏதேனும் ஓர் ஊரில் கூடாரம்.

"இத்தனை வசதியோடு ஓட்டுவதில் என்ன பெருமை?" என்று கேட்பவர்கள் உண்டு. அயோவா முழுக்கத் தட்டை நிலம் என்று நம்புபவர்களும் பெரும்பாலும் அவர்கள்தாம். மேட்டையும் எதிர்காற்றையும் எந்த லாரியும் சுமக்காது.

எனக்குப் பிடித்தது வேறு. குறுக்குச்சாலைகளுக்கு முன்னால், வண்டியோட்டிகளை எச்சரிப்பதற்காகத் தார்ச்சாலையில் குறுக்கே வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் சைக்கிளை உலுக்கிவிடும். முன்னால் போகிறவர் அதைக் கண்டதும் "ரம்பிள்ஸ்!" என்று கத்த, அந்தக் குரல் ஒவ்வொரு வாயாக மாறிப் பின்னால் வருகிறது. பள்ளத்தை நான் பார்ப்பதற்கு முன்பே, முகம்கூடத் தெரியாத ஒருவர் என்னைக் காப்பாற்றிவிடுகிறார். நானும் பின்னால் வருவது யாரென்று திரும்பிப் பாராமல் கத்துகிறேன்.

வர நினைப்பவர்கள் பையில் பளிச்சென்ற ரிப்பன் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். மாலையில் குவிந்து கிடப்பவை பெரும்பாலும் கறுப்புப் பைகளே.