எதுவரைக்கும், கர்த்தாவே?

ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டும் புழுதிதான் வந்தது என்று உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குப் போய், "எல்லாம் நன்மைக்குத்தான், விசுவாசமா இருங்க" என்று சொல்லி டீயும் குடித்துவிட்டு வருகிறோம். அப்படிச் சொல்லும் ரோமர் 8:28 உண்மைதான். ஆனால் போர்வண்டிக்காரருக்குப் பாக்கி நிற்கிற வாரத்தில் அதை நீட்டினால், "வாயை மூடு" என்று சொன்ன மாதிரிதான் காதில் விழும்.

வேதாகமத்திலேயே முறையிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. 13ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறான் தாவீது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை. சத்துரு அப்படியேதான் இருக்கிறான்.

இதை ஒரு நோட்டில் எழுதிப் பழகலாம். மேலே தேதி. "எதுவரைக்கும்" என்று தொடங்கி நாலு வரி, ஒவ்வொன்றிலும் உண்மையான விஷயம்: வட்டி எவ்வளவு, தவணை எந்தத் தேதி, யார் பேசாமல் போனார்கள். "கஷ்டமா இருக்கு ஆண்டவரே" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இரண்டு நாளில் அலுத்துவிடும். விண்ணப்பத்தை இந்த வாரத்துக்கு மட்டும் வையுங்கள். பிறகு சத்தமாக வாசியுங்கள். நம்பிக்கை வரி வரவில்லையா? "இன்று வரவில்லை" என்று எழுதி மூடிவிடுங்கள். 88ஆம் சங்கீதம் 18 வசனமும் புலம்பி, நம்பிக்கை வரி இல்லாமலே முடிகிறது. அதையும் சேர்த்துத்தானே வேதம்!

பெரும்பாலும் கெடுவது பொருத்தனையில், அதாவது நேர்ந்துகொள்வதில். "தண்ணி வந்தா சாட்சி சொல்றேன்" என்று பேரம் வைத்தால், தண்ணீர் வராத அன்று ஜெபமும் நின்றுபோகும். மாற்கு 9:24இல், நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் பேரம் பேசவில்லை. விசுவாசிக்கிறேன் என்றவன் அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கும் உதவி கேட்டான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

ஆபகூக் 3:17இல் ஆறு "போனாலும்" வருகிறது: அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு. கிருஷ்ணகிரிப் பக்கம் இதை நம் கணக்கில் வாசிக்கலாம்: தத்துப்பூச்சி விழுந்து பெங்களூரா மாம்பூ கருகிப்போனாலும், ராகி கதிர் பிடிக்காமற்போனாலும், கறவை மாட்டை விற்றுப்போட்டாலும். மகிழ்ச்சியைப் பேசும் 18ஆம் வசனம், இழப்பை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணின பிறகுதான் வருகிறது. இதை அவசரப்பட்டுத் தாண்டக்கூடாது.

சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும். தேவன் பேசியது அதற்கப்புறம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் அன்றைக்கே கூட ஒருவரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாத்திரை போட்டால் விசுவாசம் குறைந்துவிடாது.

இப்படிப்பட்ட வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை. ஒரு படி ராகி மாவு கொண்டுபோங்கள். முடிந்தால் சாயங்காலம் அவர்கள் மாட்டுக்கு நீங்கள் தண்ணி காட்டுங்கள்.