கணவாய் இல்லாத வரைபடம்

2017 கடைசியில் ஜெர்மனியின் போட்ஸ்டாமுக்கு வந்தேன். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைக்காரிக்குக் குளிர் என்றால் மார்கழியில் ஒரு சால்வை, அவ்வளவுதான். இங்கே டிசம்பரில் 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சரி, அதெல்லாம் ஒரு வருஷத்தில் பழகிவிட்டது.

வேலையில் முதல் வாரம் பார்த்த படம்தான் மனசை விட்டுப் போகவில்லை. உலகக் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரி (மாடல்) ஒன்றில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தேடினால், பாலக்காட்டுக் கணவாயைக் காணோம்! நீலகிரியும் ஆனைமலையும் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாகக் கிடந்தன. அந்தக் கணினி மாதிரி, பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. ஒரு கட்டத்துக்கு ஒரே சராசரி உயரம். கணவாயின் அகலம் 30, 40 கிலோமீட்டர்தான். சராசரியில் கரைந்துவிட்டது.

கேரளம் என்றாலே இங்கே எல்லோருக்கும் வருஷம் 3000 மில்லிமீட்டர் மழைதான். கரிசல் மண்ணில் கடலை போட்டு, ஆழியாற்றுத் தண்ணீருக்கு வழி பார்த்திருக்கும் தமிழ் பேசும் கேரளமும் உண்டென்று சொன்னால் விழிக்கிறார்கள்.

என் வேலை அந்தக் கட்டங்களைச் சிறிதாக்குவது. உலக மாதிரி தரும் காற்றையும் ஈரத்தையும் நாங்கள் எடுத்துக்கொண்ட பகுதியின் எல்லையில் வாங்கி, உள்ளே நுணுக்கமாகக் கணக்கிடுவோம். 12 கிலோமீட்டருக்கு இறக்கிய அன்றுதான் மலை நடுவே வாய் பிளந்தது. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பொள்ளாச்சிப் பக்கம் பாய்ந்தது. ஆனாலும் எல்லையில் வாங்கிய காற்றே தப்பென்றால், கட்டம் எவ்வளவு பொடிசானாலும் தப்புதான். இதைச் சொல்லாமல் வண்ணப்படம் மட்டும் காட்டுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

2018 ஆகஸ்ட் மறக்காது. பாலக்காடு டவுனுக்குள் வெள்ளம் என்று அப்பா போனில் சொன்ன அதே மாதம், இங்கே மழையே இல்லை. தெற்கே ட்ராயன்பிரீட்சன் பக்கம் பைன் காடு எரிந்து, புகை வாடைக்கு ஜன்னலைச் சாத்தினோம்.

போன ஜூனில் அப்பா கேட்டார்: "அம்மிணி, ஆனி பொறந்தும் காத்து வரல. உன் கம்ப்யூட்டரு என்ன சொல்லுது?"

"அது நாளைக்கு வருமான்னு சொல்லாதுப்பா. 30 வருஷத்துக் கணக்குதான் சொல்லும்."

"அது வரைக்கும் தென்னை தாங்கணுமே."

நாலு நாள் கழித்து மறுபடி போன். பேச்சே இல்லை, தகரம் படபடக்கிற சத்தம் மட்டும். தோட்டத்துச் சாளை வீட்டுக்கு வெளியே போனை நீட்டிப் பிடித்திருக்கிறார்.