பல்லார்ஷாவா பல்லாவரமா

2022 மே மாதம் நான், சித்தப்பா, சித்தி மூன்று பேரும் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்தோம். தெலங்கானாவைத் தாண்டியதும் மகாராஷ்டிராவில் முதலில் வரும் பெரிய ஸ்டேஷன் பல்லார்ஷா. அங்கே 10 நிமிடம் நிற்கும் என்று ஆப்பில் பார்த்துவிட்டு, சித்தப்பா பனியன், லுங்கியோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினார். போன் சார்ஜில் கிடந்தது.

வண்டி அன்றைக்கு 50 நிமிடம் லேட். இதுதான் விஷயமே. அட்டவணையில் போட்டிருக்கும் புறப்படும் நேரத்துக்கு முன்னால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான் உத்தரவாதம். சீக்கிரம் வந்தால் காத்திருக்கும். லேட்டாக வந்தால் அந்த நேரம் ஏற்கெனவே போய்விட்டதே, சிக்னல் விழுந்த உடனே எடுத்துவிடுவார்கள். ஆப்பில் இருந்த 10 நிமிடம் நமக்குச் சொந்தமில்லை என்பது அதுவரை எனக்கும் தெரியாது.

சரி, கிளம்பும்போது தெரியாதா என்று கேட்பீர்கள். எல்.எச்.பி. என்கிற புது ரகப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டி என்றால் அரை கிலோமீட்டருக்கு வண்டி நிற்கிறது. சிக்னல் முன்னால் எங்கேயோ, கார்டு காட்டும் பச்சைக்கொடி கடைசியில் எங்கேயோ. நடுவில் குழாயடியில் வரிசையில் நிற்கிறவருக்கு ஹாரன் சத்தம் ஒன்றுதான் துணை, அதுவும் நம் வண்டியுடையதா பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் கூட்ஸுடையதா என்று யோசிப்பதற்குள் பெட்டிகள் நகர ஆரம்பித்துவிடும். சித்தப்பா ஓடியிருக்கிறார். ஒரு ஆர்.பி.எஃப். காவலர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாராம். "விட்டிருந்தா ஏறியிருப்பேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், 61 வயதில். அந்தக் காவலர் முகம் தெரிந்தால் நான் காலில் விழுவேன்.

இங்கே நாங்கள் இருபது நிமிடம் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். வேறு பெட்டியில் ஏறியிருப்பார், உள்ளுக்குள்ளேயே நடந்து வந்துவிடுவார் என்று நினைப்பு. அப்புறம்தான் சித்தியின் கை வண்டியை நிறுத்தும் அபாயச் சங்கிலிப் பக்கம் போனது. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தால் 1989 ரயில்வே சட்டம் 141-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். புருஷனை விட்டுவிட்டு வந்தது நியாயமான காரணமா இல்லையா என்று அப்போது யார் வாதாடுவது? இருபது நிமிடம் தாண்டி வண்டியைக் காட்டுக்குள் நிறுத்தி என்ன பிரயோஜனம் என்று சொல்லித் தடுத்தேன். காடு என்றதும் போனில் தேடி, இது தடோபா புலிகள் காப்பகம் இருக்கும் மாவட்டம் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். சித்தி அழ ஆரம்பித்துவிட்டார்.

ரயில்வே உதவி எண் 139-க்கு அடித்துக்கொண்டிருந்தபோது கும்பகோணத்திலிருந்து பாட்டி கூப்பிட்டார்.

"ஏண்டா, உங்க சித்தப்பன் பல்லாவரத்துல நிக்கிறானாம். டெல்லிக்குப் போறவனுக்குப் பல்லாவரத்துல என்னடா வேலை?"

சித்தப்பா யாரிடமோ போன் வாங்கியிருக்கிறார், ஆனால் என் நம்பர், சித்தி நம்பர் எதுவும் மனப்பாடம் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே நம்பர் ஊர் வீட்டு லேண்ட்லைன், சின்ன வயதிலிருந்து தெரிந்தது. பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். எந்த நம்பரிலிருந்து வந்தது என்று காட்டுகிற போனும் இல்லை. ஆனாலும் ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று தெரிந்ததே, அதுவே போதும்.

எங்கள் டிடிஆர் நல்ல மனுஷன். யாரிடமோ போனில் பேசி, சித்தப்பாவை அடுத்த வண்டியில் ஏற்றிவிடச் சொன்னார். நாக்பூர் 200 கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் அங்கே மூட்டை முடிச்சோடு இறங்கி, மே மாத நாக்பூர் வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டெல்லிக்கு இன்னும் 1,000 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. அதை ஜெனரல் பெட்டியில் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பது தனிக் கதை.

சித்தப்பா அதே பனியனோடு இறங்கினார். பாட்டில் நிறையத் தண்ணீர்.

"கொஞ்சமாவது குடிச்சிருக்கலாமே" என்றார் சித்தி.

"உங்களுக்குன்னுதானே பிடிச்சேன்."

லேண்ட்லைனைச் சரண்டர் செய்துவிடலாம் என்று அப்பா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் வாயைத் திறப்பதில்லை. பில் வந்ததும் பாட்டியே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.